மிகுதியைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்குத் தொடர்கள்

ஒன்று அதிகமாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஆங்கிலப் பாடநூல்கள் முதலில் கற்றுத்தரும் சொற்கள் 'மச்', 'மெனி' ஆகிய இரண்டுமே. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் அன்றாடப் பேச்சில் இவை அவ்வளவாக வருவதில்லை. 'எ லாட் ஆஃப்', 'லோட்ஸ் ஆஃப்', 'ஹீப்ஸ் ஆஃப்', 'டன்ஸ் ஆஃப்', 'ஊடுல்ஸ் ஆஃப்', 'கலோர்', 'அம்ப்டீன்', 'எ டைம் எ டஸன்' என்று வேறொரு கூட்டமே அங்கே புழங்குகிறது. மிகுதியைக் குறிக்கும் பேச்சுவழக்குத் தொடர்கள் என்று இவற்றைக் கூறலாம்.

அகராதியில் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'நிறைய', 'ஏராளம்' என்ற ஒரே பொருள்தான் இருக்கும். மாணவர்களுக்குச் சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான். இத்தொடர்கள் அளவைச் சொல்வதோடு நிற்பதில்லை. பேசுபவர் அந்த மிகுதியைக் கண்டு மகிழ்கிறாரா, அலுத்துக்கொள்கிறாரா, ஏளனம் செய்கிறாரா என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. தமிழிலும் 'வீட்டில் பலாப்பழம் குவிந்து கிடக்கிறது' என்பதும் 'வீட்டில் கரப்பான்பூச்சி மண்டிக் கிடக்கிறது' என்பதும் மிகுதியைத்தான் சொல்கின்றன. ஆயினும் பலாப்பழம் மண்டிக் கிடப்பதாக யாரும் சொல்வதில்லை.

சீட்டிலிருந்து வந்த 'லாட்'

இந்தக் குடும்பத்தில் மிகப் பொதுவானது 'எ லாட் ஆஃப்'. 'லாட்' என்பது பழைய ஆங்கிலத்தில் குலுக்கிப் போட்டு எடுக்கும் மரத்துண்டு அல்லது துரும்பைக் குறித்தது. நம் ஊர்க் குடவோலை முறையில் ஓலை நறுக்குக்கு இருந்த வேலை அதற்கு இருந்தது. பிறகு குலுக்கலில் ஒருவருக்கு விழுந்த பங்கும் 'லாட்' ஆனது. ஒருவருக்கு விதித்த தலைவிதியையும் அச்சொல் குறித்தது. நிலத்தின் ஒரு பகுதி, ஏலத்தில் ஒன்றாகச் சேர்த்துக் கூறப்படும் பொருள்தொகுதி என்று பொருள் விரிந்து, கடைசியில் 'பெரிய தொகை' என்ற பொருளில் வந்து நின்றது. 'லாட்டரி' என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததே. பங்கிட்டுக் கொடுப்பதைக் குறிக்கும் 'அலாட்' என்ற வினையும் இதன் உறவுதான். ஆங்கிலேயப் பிள்ளைகளே 'எ லாட்' என்ற இரு சொற்களையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதிக் குட்டு வாங்குவதுண்டு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதுவதே சரி.

இத்தொடரில் தமிழ் மாணவர்கள் தடுமாறும் இலக்கணப் புள்ளி ஒன்று உண்டு. 'எ' என்று ஒருமை அடையாளம் முன்னால் நிற்பதால் வினையும் ஒருமையாக வரவேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் வினை எப்படி வரவேண்டும் என்பதை முடிவு செய்வது 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல். 'எ லாட் ஆஃப் புக்ஸ் ஆர்', 'எ லாட் ஆஃப் வாட்டர் இஸ்' என்பவை சரியான வடிவங்கள். 'லாட்ஸ் ஆஃப்' என்று பன்மையாக மாற்றினாலும் தண்ணீருக்கு 'இஸ்' தான். தமிழில் 'நிறைய' என்ற சொல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தாலே இது விளங்கிவிடும். 'நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன', 'நிறையத் தண்ணீர் இருக்கிறது' என்கிறோம். 'நிறைய' வினையைத் தொடுவதே இல்லை.

'மச்', 'மெனி' என்ற பாடநூல் சொற்களை வைத்துக்கொண்டு 'ஐ ஹேவ் மச் மணி' என்று சொன்னால் இலக்கணப் பிழை என்று கூற முடியாது. ஆனால் கேட்பவருக்கு அது புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். 'மச்' இயல்பாக வரும் இடம் எதிர்மறையும் கேள்வியும்: பணம் அதிகம் இல்லை, பணம் அதிகம் இருக்கிறதா என்பவை. இருக்கிறது என்று உடன்பாடாகச் சொல்லும்போது பேச்சில் 'எ லாட் ஆஃப்' வந்து அமர்ந்துகொள்கிறது.

'பிளென்ட்டி ஆஃப்' இதிலிருந்து சிறிது வேறுபட்டது. 'நிறைந்தது' என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. நம்முடைய 'நிறைய' என்பதும் நிறைதல் என்ற வினையிலிருந்தே வருகிறது என்பது ஓர் அழகான பொருத்தம். 'எ லாட் ஆஃப் டைம்' என்றால் நேரம் அதிகம் என்பதோடு சரி. 'பிளென்ட்டி ஆஃப் டைம்' என்றால் 'வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது, அவசரப்படாதே' என்ற ஆறுதலும் கூட வருகிறது. அதனால்தான் துன்பம் தரும் பொருளோடு இத்தொடர் சேரும்போது சற்று உறுத்துகிறது.

லோடும் குவியலும்

அளக்கும் கொள்கலனையோ குவித்து வைக்கும் விதத்தையோ சொல்லி மிகுதியைக் காட்டுவது எல்லா மொழிகளிலும் உள்ளது. நாம் மூட்டை மூட்டையாக, வண்டி வண்டியாக, கட்டுக்கட்டாக என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹீப்ஸ்', 'பைல்ஸ்', 'ஸ்டாக்ஸ்' ஆகியவை குவியலும் அடுக்கும். 'பேக்ஸ்' என்பது பை. 'பாட்ஸ்' என்பது பானை. 'பாட்ஸ் ஆஃப் மணி' என்றால் பானை பானையாகப் பணம்.

'லோட்ஸ் ஆஃப்' என்பதில் உள்ள 'லோட்' நமக்கு அந்நியமே இல்லை. 'இரண்டு லோடு மணல் இறக்கியாச்சு' என்று நம் கட்டுமான மேஸ்திரி சொல்லும் அதே லோடுதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. 'லோட்ஸ் ஆஃப்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். 'எ லோட் ஆஃப்' என்று ஒருமையில் வந்தாலோ, அடுத்து வருவது பெரும்பாலும் குப்பை, பிதற்றல் போன்ற சொல்லாக இருக்கும். 'எ லோட் ஆஃப் ரப்பிஷ்' என்றால் 'சுத்த உளறல்'. குப்பை எவ்வளவு என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

லோடு என்ற சொல்லுக்கு முன்னால் லாரி, படகு, வாளி, கொட்டகை என்று எதையும் ஒட்டிக்கொள்ளலாம். அவற்றில் 'ஷெட்லோட்' என்பது பிரிட்டிஷ் பேச்சில் வருவது. அது வேறொரு நாகரிகமற்ற சொல்லின் ஒலியை மறைமுகமாக நினைவூட்டும் சொல். திரைப்படங்களில் கேட்டு இந்த வகைச் சொற்களை அப்படியே எடுத்து நேர்முகத் தேர்வில் சொல்லிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

'டன்' முதலில் எடையே அல்ல. திராட்சை மது அடைக்கும் பெரிய மரப்பீப்பாயின் பெயர் அது. பீப்பாய் கப்பலில் பிடிக்கும் இடமும், பிறகு அதன் எடையும் அளவுகளாயின. இன்றும் பிரிட்டனின் பழைய டன் 2,240 பவுண்டு, அமெரிக்க டன் 2,000 பவுண்டு, மெட்ரிக் டன் 1,000 கிலோ என்று மூன்றும் மூன்று அளவு. 'டன்ஸ் ஆஃப் ஹோம்வொர்க்' என்று அலுத்துக்கொள்ளும் சிறுவனுக்கு இதில் எந்த டன் என்ற கவலை இல்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'ஹீப்ஸ்' ஒரு படி மேலே போய் வினையடையாகவும் ஆகிவிட்டது. 'தேங்க்ஸ் ஹீப்ஸ்' என்றால் 'ரொம்ப நன்றி'. அமெரிக்காவில் 'பஞ்ச்' என்பது பூங்கொத்து, சாவிக்கொத்து என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. 'எ பஞ்ச் ஆஃப் பீப்பிள்' என்று மனிதர்களையும் 'எ பஞ்ச் ஆஃப் க்வெஸ்சன்ஸ்' என்று கேள்விகளையும் சொல்கிறார்கள்.

செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் 'எ ராஃப்ட் ஆஃப்' என்ற தொடரைத் தெப்பம் என்று பெயர்த்துவிடுவது இயல்பாக நேரும் பிழை. அரசு 'எ ராஃப்ட் ஆஃப் மெஷர்ஸ்' அறிவித்தது என்றால் அடுக்கடுக்கான பல நடவடிக்கைகளை அறிவித்தது என்று பொருள். குவியல், கழிவு என்ற பொருளில் வட்டார வழக்கில் இருந்த 'ராஃப்' என்ற சொல், தெப்பத்தின் பெயரோடு கலந்து இந்த வடிவம் பெற்றது. இதே வகையில் செய்திகளில் வரும் 'எ ஸ்லூ ஆஃப்' என்பது ஐரிஷ் மொழிக்கொடை. 'ஸ்லுவா' என்றால் அம்மொழியில் கூட்டம், படை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் நுழைந்தது. அதே சொல்லின் ஸ்காட்லாந்து வடிவத்தோடு 'கூக்குரல்' என்ற சொல் சேர்ந்து, படையின் போர்க்குரல் என்ற பொருளில் உருவானதுதான் நாம் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கும் 'ஸ்லோகன்'.

'ஊடுல்ஸ்', 'ஸ்காட்ஸ்' ஆகிய இரண்டும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சொற்கள். பிறப்பு தெளிவில்லாதவை. 'ஊடுல்ஸ்' சற்றே விளையாட்டுத்தனமான சொல் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். பாட்டி பேரனுக்கு 'ஊடுல்ஸ் ஆஃப் லவ்' என்று எழுதலாம். வங்கி மேலாளர் எழுத மாட்டார்.

பின்னால் வரும் 'கலோர்'

ஆங்கிலத்தில் அடைமொழி பெயருக்கு முன்னால் வருவதே முறை. அந்த முறையை மீறி எப்போதும் பின்னால் மட்டும் வரும் சொல் 'கலோர்'. கடை விளம்பரங்களில் 'ஆஃபர்ஸ் கலோர்' என்று பார்த்திருப்போம். 'கலோர் ஆஃபர்ஸ்' என்று திருப்பிப் போட முடியாது. காரணம், இதுவும் ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. 'கோ லோர்' என்ற அம்மொழித் தொடருக்கு 'போதுமான அளவு' என்று பொருள். அங்கே அது பெயருக்குப் பின்னால் நின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழில் இதற்குச் சொல்லுக்குச் சொல் சரியான இணை உண்டு. நம் துணிக்கடை விளம்பரத்தில் வரும் 'சலுகைகள் ஏராளம்' என்பதில் 'ஏராளம்' நிற்கும் இடம்தான் 'கலோர்' நிற்கும் இடம்.

இச்சொல்லைப் பலரும் அறியச் செய்ததில் காம்ப்டன் மெக்கன்சி எழுதிய 'விஸ்கி கலோர்' என்ற நாவலுக்குப் பங்குண்டு. நாவல் 1947இல் வெளிவந்தது. 1949இல் அது திரைப்படமும் ஆனது. அதன் பின்னணியில் உண்மை நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 பிப்ரவரியில், 'பொலிட்டீஷியன்' என்ற சரக்குக் கப்பல் ஸ்காட்லாந்துக்கு மேற்கே எரிஸ்கே என்ற சிறு தீவின் அருகே தரைதட்டியது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கி புட்டிகள் இருந்தன. போர்க்காலத் தட்டுப்பாட்டில் வாடிய தீவு மக்கள் இரவோடு இரவாகப் படகுகளில் சென்று புட்டிகளை மீட்டு, மணலிலும் புதரிலும் ஒளித்து வைத்தார்கள். சுங்க அதிகாரிகள் தேடி வந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 'போதுமான அளவு' என்ற சொல் எப்படி 'ஏராளம்' ஆனது என்று கேட்கும் மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். இல்லாதவர்களுக்குப் போதுமென்ற அளவு கிடைத்தாலே அது ஏராளம்தான்.

எண்ணாத எண்கள்

'எனக்கு ஆயிரத்தெட்டு வேலை இருக்கிறது' என்று சொல்பவர் வேலைகளை எண்ணிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய சொல் 'அம்ப்டீன்'. 'பதின்' என்ற வரிசையில் உள்ள எண்களுக்கான ஈற்றைக் கொண்டு செய்த பொய்யெண் அது. தந்தி முறையில் நீண்ட கோட்டின் ஒலியை விளையாட்டாக 'அம்ப்டி' என்று அழைத்தார்கள். அதிலிருந்து பிறந்து, முதல் உலகப் போர்க்காலப் படைவீரர்களின் பேச்சில் பரவியது. 'ஐ டோல்ட் யூ அம்ப்டீன் டைம்ஸ்' என்றால் 'எத்தனை தடவை சொல்லிவிட்டேன்' என்ற எரிச்சல். மகிழ்ச்சியான நேரத்தில் இச்சொல் அவ்வளவாக வாயில் வருவதில்லை. நமது ஆயிரத்தெட்டும் அப்படித்தான்.

'ஜில்லியன்', 'கஜில்லியன்', 'பஜில்லியன்' ஆகியவை 20ஆம் நூற்றாண்டில் மில்லியன், பில்லியன் என்ற அச்சில் வார்த்த போலி எண்கள். நம் 'கோடானுகோடி' போல. ஆனால் அச்சாக இருந்த மில்லியனும் முதலில் கணக்கர் சொல்லாக அல்லாமல் மிகைச்சொல்லாகவே பிறந்தது. இத்தாலிய மொழியில் ஆயிரம் என்ற சொல்லோடு 'பெரிய' என்ற விகுதியைச் சேர்த்து 'பெரும் ஆயிரம்' என்று செய்தார்கள். அதுதான் மில்லியன்.

நம்மவர் ஆங்கிலம் பேசும்போது 'லாக்ஸ் ஆஃப் பீப்பிள்', 'க்ரோர்ஸ் ஆஃப் ருப்பீஸ்' என்பது இந்தியாவுக்குள் முழுமையாகச் செல்லுபடியாகும். நம் செய்தித்தாள்களும் அரசும் இந்த வழக்கையே கையாள்கின்றன. தெற்காசியாவுக்கு வெளியே இருப்பவருக்கு எழுதும்போது மட்டும் மில்லியனுக்கு மாறிக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். பழைய பிரிட்டிஷ் நூல்களைப் படிப்போர் கவனிக்க: அங்கே பில்லியன் என்பது லட்சம் கோடி. நூறு கோடி என்ற அமெரிக்கக் கணக்குக்குப் பிரிட்டிஷ் அரசு மாறியது 1974இல்தான்.

மிகுதியால் மதிப்பிழந்தவை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

'எ டைம் எ டஸன்' என்பது அமெரிக்கத் தொடர். இங்கே 'டைம்' என்பது காலம் அல்ல. எழுத்தும் வேறு. பத்து சென்ட் நாணயத்தின் பெயர் அது. பத்து காசுக்கு ஒரு டஜன் கிடைக்கும் என்பது நேர்பொருள். பிரிட்டனில் 'டூ எ பென்னி', 'டென் எ பென்னி' என்பார்கள். பல ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியல்கள் இவற்றுக்கு 'ஏராளமாகக் கிடைக்கக்கூடிய' என்று பொருள் எழுதி முடித்துவிடுகின்றன. அது பாதிப் பொருள். 'அதனால் மதிப்பில்லாத' என்பது மீதிப் பாதி. 'கிள்ளுக்கீரை' என்பதில் உள்ள இளக்காரம் அவ்வளவும் இதில் இருக்கிறது.

நான் பணியில் இருந்தபோது ஒரு பிரிவுபசார விழாவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் நன்றியுரை ஆற்றினார். நல்ல பையன், உள்ளம் நெகிழ்ந்துதான் பேசினான். 'இந்தப் பள்ளியில் நல்ல ஆசிரியர்கள் எ டைம் எ டஸன்' என்றான். சிறப்பு விருந்தினர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆசிரியர்களில் பாதிப்பேர் கைதட்டினோம், மீதிப்பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'இங்கே நல்ல வாத்தியார்கள் காசுக்கு ஒரு டஜன் கிடைப்பார்கள்' என்று அவன் சொல்லிவிட்டிருந்தான். பிறகு விசாரித்ததில், அவன் படித்தது நான் வகுப்பில் நகலெடுத்துக் கொடுத்த பட்டியல்தான். 'ஏராளமான' என்று ஒரே சொல்லில் பொருள் எழுதியிருந்தவனும் நானே. பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் எதிரே 'புகழ்', 'இகழ்', 'இரண்டும்' என்று மூன்றாவது பத்தி ஒன்று சேர்ந்தது.

அந்தப் பத்தியில் 'இகழ்' என்று குறிக்க வேண்டியவை இன்னும் உண்டு. 'கிராலிங் வித்' என்றால் ஊர்ந்துகொண்டிருக்கிறது. எறும்புக்கும் பூச்சிக்கும் உரியது. ஊர் சுற்றுலாப் பயணிகளால் 'கிராலிங்' என்றால் சொல்பவருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. 'லவுஸி வித்' என்பது பேன் பிடித்தது என்ற பொருளிலிருந்து வந்தது. 'ஃபில்தி ரிச்' என்பதில் செல்வத்தோடு அழுக்கும் ஒட்டியிருக்கிறது. தம் முதலாளியைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு யாரும் இதைச் சொல்லக்கூடாது. 'கம்மிங் அவுட் ஆஃப் மை இயர்ஸ்', அதாவது காது வழியாக வருகிறது என்பது சலிப்பு. தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்துத் தள்ளி, மூன்று வேளையும் கத்தரிக்காய் தின்றவர் சொல்வது.

அதிக வேலையைச் சொல்ல 'அப் டு மை இயர்ஸ்', 'அப் டு மை நெக்' என்று காதுவரை, கழுத்துவரை என்பார்கள். நமக்கு 'தலைக்கு மேல் வேலை'. ஆங்கிலேயருக்குத் தலையாவது வெளியே தெரிகிறது.

'குவைட் எ ஃப்யூ' என்ற பொறி

'ஃப்யூ' என்றால் மிகச்சில, ஏறக்குறைய இல்லை. 'எ ஃப்யூ' என்றால் சில, ஏதோ இருக்கிறது. இதுவரை பாடநூலில் உண்டு. 'குவைட் எ ஃப்யூ' என்றால்? 'குவைட்' என்பது அழுத்தம் தரும் சொல், ஆகவே 'மிகமிகச் சில' என்று கணக்குப் போடுவது இயல்பு. உண்மையில் அதற்கு 'பல', 'கணிசமான எண்ணிக்கை' என்று பொருள். 'எ குட் ஃப்யூ', பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்கும் 'எ ஃபேர் ஃப்யூ' ஆகியவையும் அப்படியே. ஆனால் 'வெரி ஃப்யூ', 'பிரெஷஸ் ஃப்யூ' என்றால் மறுபடியும் மிகச்சில.

இது வெறும் தேர்வு மதிப்பெண் விஷயம் அல்ல. ஒரு மருந்துச் சீட்டின் விளக்கத்தில் 'குவைட் எ ஃப்யூ பேஷண்ட்ஸ்' பக்கவிளைவை உணர்ந்தனர் என்று இருந்தால், அதைச் சிலரே என்று படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார். அடக்கிச் சொல்லி மிகுதியை உணர்த்துவது ஆங்கிலேயரின் பழக்கம். நாமும் செய்வதுண்டு. 'அவர் கொஞ்சநஞ்சமா செய்திருக்கிறார்?' என்றால் நிறையச் செய்திருக்கிறார் என்றுதானே பொருள்.

இதன் பக்கத்திலேயே இருக்கும் மற்றொரு பொறி 'டூ மச்'. அது மிகுதி அல்ல, வேண்டியதற்கு மேல் போனது. 'சாப்பாடு நன்றாக இருந்தது, டூ மச் ஸ்வீட்ஸ்' என்று விருந்து தந்தவரிடம் பாராட்டாகச் சொன்னால், இனிப்பைக் குறைத்திருக்கலாம் என்ற குறையாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

நிரம்பி வழிவது

'எள் போட்டால் எள் விழாது' என்று நாம் சொல்லும் நெரிசலுக்கு ஆங்கிலம் தகர டப்பாவில் அடைத்த மத்தி மீனைக் காட்டுகிறது. 'பேக்ட் லைக் சார்டீன்ஸ்' என்பது அது. 'பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்' என்றால் தையல் பிரியும் அளவுக்குப் பிதுங்குவது. 'சாக் எ பிளாக்' கடலோடிகளிடமிருந்து வந்தது. கப்பலில் கயிறு இழுக்கும் கப்பிகள் இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் அதற்கு மேல் இழுக்க வழியில்லை. சாலை 'சாக் எ பிளாக்' என்றால் வண்டிகள் அப்படி முட்டி நிற்கின்றன.

'பம்பர்' என்ற சொல்லை லாட்டரிச் சீட்டு வழியாக நாம் நன்கு அறிவோம். அது முதலில் விளிம்புவரை ததும்ப நிரப்பிய மதுக்கோப்பை. அதிலிருந்து 'பம்பர் க்ராப்' அமோக விளைச்சல் ஆனது. பிறகு பரிசும் பம்பர் ஆனது.

'மோர் தேன் யூ கேன் ஷேக் எ ஸ்டிக் அட்' என்பது குச்சியை ஆட்டிக் காட்ட முடியாத அளவு என்று பொருள்படும் வினோதத் தொடர். 1818லேயே பென்சில்வேனியா இதழ் ஒன்றில் இது அச்சேறியிருக்கிறது. அங்கே சொல்லப்பட்டது ஊரில் உள்ள மதுக்கடைகளைப் பற்றி. 'தடுக்கி விழுந்தால் ஒரு டீக்கடை' என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

நிலக்கரியும் அல்வாவும்

ஏற்கெனவே மிகுந்திருக்கும் இடத்துக்கே அதைக் கொண்டுபோவது வீண்வேலை. இதை 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பார்கள். டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில், லண்டனுக்கே நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகம். கிரேக்கர் 'ஏதென்சுக்கு ஆந்தை' என்றார்கள். அந்நகரின் வெள்ளி நாணயங்களிலேயே ஆந்தை பொறித்திருந்தது. ரஷ்யர் 'தூலா நகருக்குச் சொந்தச் சமோவாருடன் போவது' என்பார்கள். தேநீர்க் கொதிகலன் செய்வதில் பேர்போன ஊர் அது. நம்மிடம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' உண்டு. 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்பதும் உண்டு. நியூகாசிலில் நிலக்கரி வணிகம் ஓய்ந்துவிட்டது. தொடர் ஓயவில்லை. தேர்வில் இத்தொடருக்கு 'வீண் முயற்சி' என்று மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் தர எனக்கு மனம் வராது. கடலில் பெருங்காயம் கரைப்பதும் வீண் முயற்சிதான். ஆனால் அங்கே ஏற்கெனவே பெருங்காயம் மிகுந்திருக்கவில்லை.

தோற்றக் கதைகளை நம்பலாமா?

மரபுத்தொடர்களுக்குப் பிறப்புக் கதை சொல்வது இணையத்தில் பெருகிவிட்டது. 'த ஹோல் நைன் யார்ட்ஸ்' என்றால் 'ஒன்றுவிடாமல் முழுவதும்'. ஏன் ஒன்பது கஜம்? இரண்டாம் உலகப் போர் விமானங்களின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுச்சரம் 27 அடி, அதாவது ஒன்பது கஜம், முழுவதையும் சுட்டுத் தீர்த்தான் என்று ஒரு கதை. கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்று இன்னொன்று. நம் மாணவர்கள் மடிசார்ப் புடவையை நினைத்துக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களைத் துழாவியபோது, 1907லேயே இந்தியானா மாநில இதழ் ஒன்றில் 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' கிடைத்தது. 1912இல் கென்டக்கி இதழ் ஒன்றில் 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' என்று ஆறு கஜமாக இருந்தது. போர் விமானமும் கான்கிரீட் லாரியும் இவற்றோடு அடிபட்டுப் போயின. முதலில் எண்ணே நிலையாக இல்லை என்றால், ஒன்பது கஜம் கொண்ட ஏதோ ஒரு பொருளைத் தேடுவதில் பயனில்லை. பிறப்புக் கதை எவ்வளவு சுவையாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகத்துடன் அணுகுவது நல்லது என்பது என் கருத்து.

எழுத்தில் எவ்வளவு இடம் தரலாம்?

'எ லாட் ஆஃப்', 'பிளென்ட்டி ஆஃப்' இரண்டும் பேச்சிலும் சாதாரண எழுத்திலும் எங்கும் செல்லும். 'லாட்ஸ் ஆஃப்' நண்பருக்கு எழுதும் மடலுக்கு. 'லோட்ஸ்', 'ஹீப்ஸ்', 'டன்ஸ்', 'ஊடுல்ஸ்', 'ஜில்லியன்' ஆகியவை பேச்சோடு நிற்கட்டும். வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ் டன்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதுவது, 'எனக்கு அனுபவம் லோடு லோடாக இருக்கிறது' என்று எழுதுவதைப் போன்றது. அங்கே 'எக்ஸ்டென்சிவ்', 'கன்சிடரபிள்' போன்ற சொற்கள் பொருந்தும். அதைவிட, எத்தனை ஆண்டு அனுபவம் என்று எண்ணைச் சொல்லிவிடுவது மேல்.

வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலத் தேர்வு எழுதுவோர் பேச்சுச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்ற பயத்தில் 'எ பிளெத்தோரா ஆஃப்' என்பதைப் பத்திக்கு ஒருமுறை போட்டுவிடுகிறார்கள். அது முதலில் மருத்துவச் சொல். உடலில் இரத்தம் தேவைக்கு மேல் மிகுந்துவிட்ட நோய்நிலையைக் குறித்தது. இன்றும் கவனமாக எழுதுபவர்களின் கையில் அது 'மட்டுக்கு மீறிய மிகுதி' என்றே பொருள்படும். 'இந்த நகரில் எ பிளெத்தோரா ஆஃப் ஹாஸ்பிட்டல்ஸ்' என்று எழுதினால், மருத்துவமனைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்ற முறையீடாகவும் அதைப் படிக்கலாம். வெறும் 'மெனி' அங்கே போதும். தொடக்கப் பள்ளியில் கற்ற சொல் என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.